சைக்கிள் கேரியரில் நான் இல்லாத அன்று

கடல் பொங்கி ஊருக்குள் வந்த வருஷத்துக்கு மூன்றாவது வருஷம், ஆடி மாசம், வீராம்பட்டினம் கோயில் தேர் அன்று நடந்தது இது. அப்போது எங்கள் வீடு முதலியார்பேட்டையில், துணி மில்லுக்குப் பின்னால் இருக்கும் தெருவில். எனக்கு அறுபத்து நான்கு வயது, என் வீட்டுக்காரருக்கு எழுபது. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். இதை நான் சொல்லச் சொல்ல என் சின்ன மகள்தான் எழுதினாள். இரண்டு இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அவள் திரும்பி வரும்வரை காத்திருந்து மறுபடி சொன்னேன்.

என் வீட்டுக்காரர் பதினைந்து வருஷம் நேவியில் இருந்தவர். கப்பலின் அடியில் பாய்லர் அறையில் வேலை. அங்கே பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காதாம். ஏற்று, இறக்கு, நிறுத்து, ஒழுகுது, ஆள் வேணும், எல்லாம் கையால்தான். லீவில் வரும்போது அந்தக் கைப்பேச்சை எனக்கும் சொல்லிக் கொடுத்தார். மாமியார், நாத்தனார், கொழுந்தன் எல்லாரும் ஒரே கூடத்தில் படுக்கிற வீடு எங்களுடையது. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் அங்கே வாயைத் திறந்து என்ன பேசிவிட முடியும்? அதனால் எனக்கு அது சீக்கிரமே வந்துவிட்டது.

நேவியை விட்டு வந்ததும் மில்லில் பாய்லர் வேலையே கிடைத்தது. எங்களுக்கு இரண்டு பெண்கள். காலையில் ஷிப்டு முடிந்து வந்து, கண் எரிய எரிய உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் தலை பின்னிவிட்டுத்தான் படுப்பார். அவர் பின்னினால் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை ஒரு முடி பிரியாது. "அப்பா கயிறு திரிக்கிறாரும்மா" என்று பெரியவள் அழுவாள். யூனிபாரத்துக்கு இஸ்திரி போடுவது, பொத்தான் தைப்பது, மீன் ஆய்வது, எல்லாம் அவர் செய்வார். தெருவில் பொம்பளைகள் சிரிப்பார்கள். கப்பலில் பொண்டாட்டியையா கூட்டிப் போனேன், அங்கே எல்லாம் நானே செய்தவன்தானே என்பார்.

மில்லில் சேர்ந்த சில வருஷத்திலேயே அவருக்கு ஒரு காது போய்விட்டது. இன்னொன்று கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. காது கேட்காதவரைப் பாய்லரிடம் நிற்க விடமாட்டார்கள். பெண்கள் இரண்டும் படித்துக்கொண்டிருந்தன. மறைத்தோம். உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வார். மில்லில் கூட இருந்தவர்களும் காட்டிக் கொடுக்கவில்லை. பரிசோதனை அன்று முன்னால் நிற்கிறவர், என்ன கேட்கிறார்கள் என்று முதுகுக்குப் பின்னால் கையை வைத்துக் காட்டிவிடுவாராம்.

மில் வேலை முடிந்தபோதே இதை வெளியில் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. தெருவில் என்னை நேவிக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பேரைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தவள் நான். செவிடன் பொண்டாட்டி என்று ஒருத்தி சொல்லிவிட்டால் என் காது தாங்காது. அதனால் அவருக்குச் சுத்தமாகக் கேட்காமல் போன பிறகும் நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை. போன் வந்தால் நான் எடுப்பேன். கல்யாண வீட்டில் அவருக்கு எதிரில் உட்கார்ந்துகொள்வேன். யாராவது அவரிடம் பேசினால், என்ன பேசுகிறார்கள் என்று மடியில் கையை வைத்துக் காட்டுவேன். நான் பக்கத்தில் இல்லாமல், எதிரில் பேசுகிறவர் உதடும் தெரியாமல் போனால் அவருக்கு ஒரே வழிதான். "சரி சார், ஆமாம் சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். பத்துக்கு எட்டு தடவை அது பொருந்திவிடும். மகள்கள்கூட அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

எங்கே போனாலும் சைக்கிள்தான். நான் கேரியரில் உட்கார்ந்திருப்பேன். பின்னால் வண்டி வந்தால் அவர் முதுகில் தட்டுவேன். வலது தோள் என்றால் வலது பக்கம் வண்டி வருகிறது. நடு முதுகு என்றால் பெரிய வண்டி, ஓரம் போ. வயசான காலத்தில் புருஷன் முதுகைத் தட்டிக்கொண்டு போகிறாளே என்று பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். அந்த ஒரு நாள்தான் என்னால் விட முடியவில்லை.

வீராம்பட்டினம் தேருக்கு அவர் ஒரு வருஷமும் தவறியதில்லை. கவர்னர் வந்து வடம் பிடித்துத் தொடங்கி வைப்பதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும் அவருக்கு. அந்த வருஷம் ரெட்டியார்பாளையத்தில் இருந்து சின்ன மாப்பிள்ளையும் அவர் அம்மாவான சம்மந்தியம்மாவும் முதல் நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மகள் கைக்குழந்தையோடு அங்கேயே இருந்துவிட்டாள். காலையில் இவர் வெள்ளைச் சட்டை போட்டு, சைக்கிளைத் துடைத்து, வாசலில் ஒரு காலை ஊன்றி நின்றார். நான் கேரியரில் உட்காரப் போனேன்.

சம்மந்தியம்மா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இந்த வயசுல புருஷன் முதுகப் புடிச்சிக்கினு கேரியர்ல போறீங்களே சம்மந்தி. எங்க தெருவுல பாத்தா சினிமா எடுக்கறாங்கனு கூட்டம் கூடிடும்."

மாப்பிள்ளையும் சிரித்துவிட்டார். "அத்தை, ஆட்டோ சொல்லியிருக்கேன். அதுல வந்துடுங்க. மாமா சைக்கிள்ல வரட்டும்."

அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எனக்கு முகம் சுண்டிப் போனது. இறங்கிவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். என்ன என்று கண்ணால் கேட்டார். நீங்கள் போங்கள், நான் ஆட்டோவில் வருகிறேன் என்று கையால் காட்டினேன். அவர் உடனே கிளம்பவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சரி என்று தலையாட்டிவிட்டு மிதித்துக்கொண்டு போனார். தெருமுனை திரும்பும்போது பின்னால் ஒரு மோட்டார்சைக்கிள்காரன் ஹாரன் அடித்தான். அவர் நேராகவே போனார். "ஏங்க, நில்லுங்க" என்று கத்தக்கூட முடியாது. கத்தி என்ன பிரயோஜனம்?

ஆட்டோ வருவதற்கு அரை மணி நேரம் ஆனது. வந்தும், முருங்கப்பாக்கத்துக்கு முன்னாலேயே தேர்க் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. வேன், லாரி, மாட்டு வண்டி, எல்லாம் ஒரே திசையில். ஒவ்வொரு ஹாரனும் என் நெஞ்சில் அடித்தது. தலையை வெளியே நீட்டி வெள்ளைச் சட்டையைத் தேடிக்கொண்டே வந்தேன். "விழுந்துடப் போறீங்க, உள்ள வாங்க" என்று சம்மந்தியம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அப்போதுதான் மாப்பிள்ளையின் செல்போன் அடித்தது. எடுத்துக் கேட்டார். போனை வைத்துவிட்டு ஆட்டோக்காரரிடம் "வண்டியத் திருப்புங்க" என்றார்.

சட்டைப் பையில் பேரும் போன் நம்பரும் எழுதிய அட்டை ஒன்று எப்போதும் வைத்திருப்பார். நேவிப் பழக்கம். அதைப் பார்த்து யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். பின்னால் வந்த வேன் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்திருக்கிறது, இவர் ஒதுங்கவில்லை. வேனின் பக்கவாட்டுக் கண்ணாடி உரசி, சைக்கிளோடு ஓரத்துப் பள்ளத்தில் விழுந்துவிட்டார். தலையில் ரத்தம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள் என்று சொன்னார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் அவசரப் பிரிவுக் கதவுக்கு முன்னால் ஒரு காவலாளி. "ஒரு ஆளுக்கு ஒருத்தர்தான் உள்ள" என்றார். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். உள்ளே தாள் கொடுப்பார்கள், படிக்கச் சொல்வார்கள், டாக்டர் இங்கிலீஷில் பேசுவார். படித்தவர் போவதுதான் சரி என்று நினைத்தேன். "நீங்க போங்க மாப்ள" என்றேன். கதவு திறந்து மூடும்போது ஒரு கணம் அவரைப் பார்த்தேன். நெற்றியில் கட்டு. மூக்கையும் வாயையும் மூடி ஒரு பிளாஸ்டிக் மூடி. கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அத்தை, மாமாவுக்கு நெனப்பு சரியில்ல போல. பேர் இன்னா, இது எந்த ஊருனு டாக்டர் கேக்கறாங்க. எல்லாத்துக்கும் சரி சார், ஆமாம் சார்ங்கறாரு. கைய தூக்குங்கனா சிரிக்கறாரு. தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கலாமாம். ஸ்கேன் எடுக்கணும், முன்னாடி நாலு பேர் இருக்காங்க."

உள்ளே டாக்டர்கள் எல்லாரும் வாயில் துணி கட்டியிருந்ததை நானே பார்த்தேன். உதடு தெரியாமல் அவர் எதைப் படிப்பார்? அது எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. பக்கத்தில் சம்மந்தியம்மா உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷம் மறைத்ததை இவர் முன்னால் எப்படிச் சொல்வது? செவிட்டு மனுஷனைத் தனியாகச் சைக்கிளில் அனுப்பினாயா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? ஒருவேளை தலையில் நிஜமாகவே அடியாக இருந்தால்? ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும், எதற்கு நாம் சொல்ல வேண்டும்? இப்படி எனக்கு நானே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை மறுபடி உள்ளே போனார்.

அப்புறம் ஒரு ஆள் வெளியே வந்தார். அறுபது வயது இருக்கும். மடித்துக் கட்டிய கைலி, தோளில் துண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் குடம். தண்ணீர் பிடிக்க வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார்.

"யம்மா, தலையில கட்டு போட்டுக்கினு ஒரு பெரியவர் இருக்காரே, வெள்ளச் சட்டை. அவரு ஒங்க ஆளா?"

ஆமாம் என்றேன்.

"எங்க வீட்டம்மாவ பக்கத்துலதான் போட்டுருக்காங்க. நான் லூம்ல வேலை செஞ்சவன். தறி ஓடறப்ப நாங்க கையாலதான் பேசிக்குவோம். அவரும் மில்லு ஆளுதான்னு நெனைக்கறேன், கையால பேசறாரு. இங்க இங்க காட்டறாரு." இடது விலாவுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். "உள்ள ஒழுகுதுங்கறாரு. அவருக்குக் காது கேக்கல, அதாம்மா விஷயம். புத்தி தெளிவா இருக்காரு. டாக்டருங்ககிட்ட நான் சொன்னேன், நீ யாருயா தள்ளு தள்ளுங்கறாங்க. நீ சொன்னா கேப்பாங்க."

சம்மந்தியம்மா என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வைதான் என்னைக் கெடுத்தது.

"எங்க வீட்டுக்காரரு நேவியில இருந்தவரு" என்றேன். "அவருக்குக் காது நல்லாக் கேக்கும். ஒரு குறையும் இல்ல. நீங்க போயி ஒங்க ஆளப் பாருங்க."

அவருக்குக் கோபம் வரவில்லை. "சரிம்மா, வருத்தப்படாத. தோணுச்சி, சொன்னேன்" என்று குடத்தை எடுத்துக்கொண்டு போனார். தண்ணீர் பிடித்துத் திரும்பும்போது இன்னொரு தடவை என் எதிரில் நின்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு நான் உட்கார்ந்திருந்த நேரம் எவ்வளவு என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மாப்பிள்ளை அப்புறம் ஒரு மணி நேரம் என்றார். உள்ளே ஒழுகுது, உள்ளே ஒழுகுது என்று அந்த ஆள் சொன்னதே மண்டைக்குள் ஓடியது. எழுந்திருக்கப் பார்ப்பேன், சம்மந்தியம்மா முகத்தைப் பார்ப்பேன், உட்கார்ந்துவிடுவேன்.

மாப்பிள்ளை மறுபடி வந்தார். இந்தத் தடவை அவர் கண் கலங்கியிருந்தது.

"மூடியப் புடுங்கறாரு அத்தை. எழுந்து வெளிய வரப் பாக்கறாரு. ரெண்டு பேரு புடிச்சும் நிக்கல. அதனால கையக் கட்டிட்டாங்க."

"கையக் கட்டிட்டாங்களா?"

"ரெண்டு கையையும். கட்டில் கம்பியோட."

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார், "ஒரு ஆளுதாம்மா" என்றார். அந்தக் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போய்விட்டேன். முட்டி வலிக்காரி நான், அன்று முட்டி இருந்ததே நினைவில்லை.

கட்டிலில் அவர் என்னைப் பார்த்ததும் அசைவதை நிறுத்திவிட்டார். முகம் வேர்த்து, மண் நிறமாக இருந்தது. இரண்டு மணிக்கட்டிலும் பேண்டேஜ் துணி. நான் வலது கைக் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தேன். ஒரு டாக்டர் பெண் ஓடி வந்தார், சின்ன வயசு.

"யாரு ஒங்கள உள்ள விட்டது? அவிழ்க்காதீங்க."

"நான் இவரு பொண்டாட்டி" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்றால் அந்தக் கூடமே திரும்பிப் பார்த்தது. "இவருக்குக் காது கேக்காது. சுத்தமா கேக்காது. பத்து வருஷமா கேக்காது. ஒதட்டப் பாத்தாதான் தெரியும். வாயில கட்டியிருக்கறத எடுத்துட்டுக் கேளுங்க, பதில் சொல்லுவாரு."

மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் ஒரு கணம் தயங்கினார். பிறகு துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, "ஒங்க பேர் என்ன?" என்று கேட்டார். நான் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் பிடித்தேன். பேரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். இன்றைக்கு வீராம்பட்டினத்தில் தேர் என்றார். எங்கே வலிக்கிறது என்று கேட்டதும், அவிழ்ந்த கையால் இடது விலாவுக்குக் கீழே தொட்டு, அங்கிருந்து தோள்பட்டை வரைக்கும் கோடு இழுத்தார். "சைக்கிள் பார் குத்திடுச்சி. உள்ள ஊறிக்கினே இருக்குதும்மா" என்றார்.

டாக்டர் வயிற்றில் கையை வைத்து அழுத்தினார். அவர் பல்லைக் கடித்தார். டாக்டர் நாடியைப் பார்த்தார், நர்ஸிடம் என்னவோ வேகமாகச் சொன்னார், பெரிய டாக்டர் ஒருவரைக் கூப்பிட ஆள் ஓடியது. தலைக்கு ஒன்றும் இல்லை, வெறும் தோல் கிழிசல். வயிற்றுக்குள் மண்ணீரல் கிழிந்து, ரத்தம் உள்ளேயே தேங்கிக்கொண்டிருந்திருக்கிறது. உடனே ஆப்பரேஷன் என்றார்கள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது அந்தப் பெண் டாக்டர் என்னிடம், "இத வந்தவுடனே யாராச்சும் சொல்லியிருக்கலாம்லம்மா" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, களைத்துப் போய்ச் சொன்னார்.

சம்மதத் தாளில் நானே கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன். நர்ஸ் பொறுமையாக நின்றார்.

ஆப்பரேஷன் அறைக்கு வெளியே சம்மந்தியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம், "எனக்குத் தெரிஞ்சிருந்தா காலையில அந்தப் பேச்சு பேசியிருப்பனா சம்மந்தி" என்றார். "தெரியக் கூடாதுன்னுதான வச்சிருந்தேன்" என்றேன். அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து ஒன்றாக உட்கார்ந்தோம். சாயங்காலம்தான் வந்து சொன்னார்கள், பிழைத்துவிட்டார் என்று. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றும் சொன்னார்கள்.

இரண்டு நாள் கழித்து அவரைப் பார்க்க விட்டார்கள். நர்ஸ்கள் எல்லாரும் அவர் முகத்துக்கு நேராக நின்று உதட்டை அசைத்துப் பேசினார்கள். கட்டில் தலைமாட்டில், காது கேட்காதவர் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அதை அவர் படித்துவிட்டார். நான் போனதும் என்னைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அவருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். அவர் கண்ணை மூடிவிட்டால் உலகத்தில் ஒருவரும் அவரிடம் ஒரு வார்த்தை பேச முடியாது. நான் தொட்டேன், திறக்கவில்லை. மறுநாளும் அப்படியே. கையைப் பிடித்தேன், இழுத்துக்கொள்ளவும் இல்லை, கண்ணைத் திறக்கவும் இல்லை. பெரிய மகள் வந்தாள், சின்ன மகள் வந்தாள், அவர்களிடம் பேசினார். எனக்கு மட்டும் மூடிய கண். ஊருக்கே சொல்லிவிட்டேன் என்று கோபம் என நினைத்தேன். உயிர் பெரிசா மானம் பெரிசா என்று எனக்குள்ளே நானும் கோபப்பட்டுக்கொண்டேன்.

அதற்கு அடுத்த நாள் கண்ணைத் திறந்தார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே பேசினார். குரல் எழும்பவில்லை.

"அந்த லூம்கார ஆளு ஒங்கிட்ட வந்து சொன்னாரா இல்லையா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எங்கிட்ட கையால சொன்னாரு. ஒன் பொண்டாட்டி வெளிய இருக்கும், தேடிச் சொல்றேன், இப்ப வரும்னாரு. திரும்பி வந்து, சொல்லிட்டேன்னாரு. நான் கதவையே பாத்துக்கினு இருந்தேன். நீ வரல. இன்னும் அவரு சரியா சொல்லலியோ, நம்மளே எழுந்து போவலாம்னு பாத்தேன். அதுக்குதான் கட்டிட்டாங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். உதட்டாலும் சொன்னேன், கையாலும் சொன்னேன். அந்த ஆளிடம் என்ன சொன்னேன் என்பதையும், முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் மறைக்கவில்லை. அவர் கண்ணை மூடாமல் கடைசிவரை பார்த்தார்.

"மில்லுல தெரிஞ்சிருந்தா பொண்ணுங்க படிப்பு போயிருக்கும். அதான் நான் மறைச்சேன்" என்றார். "நீ எதுக்கு மறைச்ச?"

விலகிக் கிடந்த போர்வையை அவர் காலுக்கு இழுத்துவிட்டேன்.

பிறகு, "அந்தம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"எந்தம்மா?"

"அவரு வீட்டம்மா. எம் பக்கத்துல படுத்திருந்திச்சே. மூச்சு வாங்கிக்கினு கெடந்திச்சி. அந்த ஆளு ரெண்டு காலையும் தேய்ச்சி விட்டுக்கினே எங்கிட்ட கையக் காட்டிப் பேசினாரு. அதுக்கு நடுவுலதான் எழுந்து ஒங்கிட்ட வந்தாரு."

தெரியாது என்றேன். பேர் என்ன, எந்த மில், எந்த ஊர், எல்லாவற்றுக்கும் தெரியாது என்றேன். அவர் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய் விசாரித்தேன். தேர் அன்று ஏகப்பட்ட பேர் வந்தார்கள், பேர் தெரியாமல் எப்படிச் சொல்வது என்றார்கள். ஒவ்வொரு வார்டு வாசலிலும் எட்டிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்த பிறகு, பழைய மில் ஆட்கள் கூடும் டீக்கடையில் மாப்பிள்ளையை விட்டு விசாரிக்கச் சொன்னேன். லூமில் வேலை செய்தவர், அறுபது வயது, சம்சாரத்துக்கு மூச்சுக் கோளாறு. அப்படிப் பத்துப் பேர் இருப்பார்கள் என்றார்களாம். கிடைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் அதன் பிறகு ஆறு வருஷம் இருந்தார். பேத்திகளுக்கும் அவர்தான் தலை பின்னினார். வீட்டுக்கு யார் வந்தாலும் நான் முதலிலேயே சொல்லிவிடுவேன், அவருக்குக் காது கேட்காது, முகத்தைப் பார்த்துப் பேசுங்கள் என்று. ஒருவர்கூட எங்களைக் குறைவாகப் பார்க்கவில்லை. தெருவில் இன்னும் என்னை நேவிக்காரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கடைசிக் காலத்தில் படுக்கையில் இருந்தபோது அவர் ஒரே ஒரு தடவை அந்தப் பேச்சை எடுத்தார். "அந்தம்மா பொழைச்சிருக்கும் இல்ல?" என்று கேட்டார். பிழைத்திருக்கும் என்று கையால் சொன்னேன்.

தன் மனைவி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது என் புருஷனுக்காக எழுந்து வந்த மனிதரிடம், உங்கள் வீட்டம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்ற ஒரு வார்த்தையை நான் கேட்கவில்லை. இன்றைக்கும் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால், வாசலில் காத்துக் கிடக்கிற யாரையும் அந்த வார்த்தையைக் கேட்காமல் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை. அவர்கள் சொல்கிற பதில் நான் கேட்க வேண்டியவருடைய பதில் இல்லை என்று தெரிந்தும், நின்று முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் நகர்கிறேன்.